டெக்குக்கு அடியில் ஒப்போசம்: அறிகுறி பார்த்து, வருத்தாமல் வெளியேற்றும் முறை

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் தனிவீட்டில் குடியிருப்போருக்குப் பின்வளவில் அறிமுகமாகும் காட்டு விலங்குகளுள் ஒப்போசமும் ஒன்று. வெள்ளை முகமும் கூர்மூக்கும் மயிரற்ற நீண்ட வாலும் கொண்ட, பூனையளவு பருமனுள்ள இவ்விலங்கை முதன்முறை பார்ப்பவர்கள், பெருத்துப்போன எலி என்று எண்ணி எலிப்பாஷாணம் வாங்கக் கடைக்குப் போவதுண்டு. இது எலியினம் அன்று. கங்காருவைப் போலக் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும் பைம்மா. கனடாவில் இயற்கையாக வாழும் பைம்மா இது ஒன்றே.

ஒப்போசம் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருப்பதில்லை. சில நாட்களோ சில வாரங்களோ தங்கிவிட்டு வேறு மறைவிடம் தேடிப் போவது அதன் வழக்கம். குட்டிகளோடு இருக்கும் தாயும், கடுங்குளிரில் ஒதுங்கியிருக்கும் விலங்கும்தான் சற்று நீடித்துத் தங்குகின்றன. ஆகவே விலங்கைத் துரத்துவதில் செலவிடும் நேரத்தை, அது தானாக வெளியே போன இரவைக் கண்டறிந்து வழியை அடைப்பதில் செலவிட்டால் வேலை எளிதில் முடியும். உங்கள் வீட்டில் காணும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம். எனினும், எதையும் அடைக்கும் முன் குட்டிகளைப் பற்றிய பகுதியைத் தவறாமல் வாசித்துவிடுங்கள்.

அறிகுறி: இரவில் சத்தம் கேட்கிறது, எந்த விலங்கு என்று தெரியவில்லை

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பகலில், அதுவும் காலை வேளையில், கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் விரைந்து ஓடும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் அணில். இருட்டிய பின் மெதுவாகவும் பாரமாகவும் நடக்கும் சத்தம் ரக்கூனுடையதாகவோ ஒப்போசத்தினுடையதாகவோ இருக்கலாம். அட்டிக்கில் ரக்கூனுக்கே வாய்ப்பு அதிகம். ஒப்போசம் அங்கே ஏறுவதானால், ரக்கூன் முன்பே பிய்த்து வைத்த ஓட்டை வழியாகவோ கூரையைத் தொடும் மரக்கிளை வழியாகவோ வருவதுதான் வழக்கம்.

வீட்டோடு ஒட்டிய மரமேடையான டெக்குக்கோ, பொருள் வைக்கும் கொட்டிலான ஷெட்டுக்கோ அடியில் என்றால் மண்ணைப் பாருங்கள். ஒப்போசம் குழி தோண்டுவதில் கெட்டிக்காரன் அல்ல. இருக்கும் இடைவெளிக்குள் நுழையும், அல்லது பிற விலங்குகள் தோண்டிக் கைவிட்ட வளையில் குடியேறும். வளையின் வாசலில் புதுமண் குவிந்து கிடந்தால் அதைத் தோண்டியது, நாற்றத் திரவம் பீச்சும் ஸ்கங்க்காகவோ, வளை தோண்டும் பெரிய கொறிவிலங்கான கிரவுண்ட்ஹொக்காகவோ இருக்கவேண்டும். கிரவுண்ட்ஹொக் பகலில் வெளியே வரும். ஸ்கங்க் என்றால் மணமே சொல்லிவிடும். புல்தரையில் புழு தேடித் தோண்டிய சிறுசிறு குழிகளும் இருக்கும். ஸ்கங்க் இருக்கும் இடத்தில் ஒப்போசம்தானே என்ற துணிச்சலோடு கைவிளக்கைக் குனிந்து நீட்டினால் நேரும் விளைவு, அன்று உடுத்திய உடுப்பைத் திரும்ப உடுத்த விடாது.

ஐயம் தீராவிட்டால், வாசலைச் சுற்றிக் கோதுமை மாவையோ மெல்லிய மணலையோ ஓரடி அகலத்துக்குத் தூவிவிட்டு மறுநாட் காலை பாருங்கள். ஒப்போசத்தின் பின்னங்காலில் பெருவிரல் நம் கைக்கட்டைவிரல் போல ஏனைய விரல்களிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்விரலில் நகம் இல்லை. இத்தகைய அடையாளம் வேறெந்த அயல் விலங்கிடமும் இல்லாததால், ஒரு தெளிவான பின்னங்கால் தடம் போதும். கதவு மணிக் கமராவோ இரவில் படம் பிடிக்கும் வேறு கமராவோ இருந்தால் அதை வாசலை நோக்கித் திருப்பிவைப்பது இன்னும் சுலபம்.

அறிகுறி: டெக்குக்கோ ஷெட்டுக்கோ அடியில் ஒப்போசம் இருப்பது உறுதியாகிவிட்டது

இங்கே மூன்று கேள்விகள். குளிர் எப்படி இருக்கிறது? குட்டிகள் இருக்கக்கூடுமா? விலங்கு இப்போது உள்ளேதான் இருக்கிறதா?

குளிரைப் பற்றி முதலில். ஒப்போசம் குளிர்காலம் முழுவதும் உறங்கும் விலங்கு அன்று. ஒன்ராறியோவின் தென்பகுதி அதன் வாழிடப் பரப்பின் வடக்கு விளிம்பு. மயிரற்ற வாலும் மெல்லிய காதுகளும் இந்தக் குளிருக்கு ஏற்றவை அல்ல. நம் பக்கத்தில் காணும் பல ஒப்போசங்களுக்குக் காது நுனியும் வால் நுனியும் உறைபனியில் கருகி உதிர்ந்திருப்பதைக் காணலாம். கடுங்குளிர் நாட்களில் அது பல இரவுகள் வெளியே வராமலே கிடக்கும். அந்நேரத்தில் மறைவிடத்தைப் பறித்தால் பெரும்பாலும் சாவுக்கே அனுப்புகிறோம். ஜனவரி, பெப்ரவரியில் டெக்குக்கு அடியில் ஒன்று ஒதுங்கியிருந்து அதனால் உடனடித் தீங்கு ஏதும் இல்லையென்றால், பனி உருகும்வரை விட்டுவைப்பதே என் பரிந்துரை. மின்கம்பிகளைக் கடிக்கும் பழக்கமோ மரத்தை அரிக்கும் பழக்கமோ அதற்குக் கிடையாது.

அடுத்தது குட்டிகள். ஒப்போசத்தின் கருக்காலம் 12 அல்லது 13 நாட்களே. பிறக்கும்போது குட்டி ஒரு பயற்றங்கொட்டை அளவுதான் இருக்கும். அது தவழ்ந்து பைக்குள் சென்று முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அங்கேயே வளரும். இந்தக் கட்டத்தில் தாய் வெளியேறினால் குட்டிகளும் அவளோடு போய்விடும் என்பதால், வெளியேற்றுபவருக்கு இது வசதியான காலம். சிக்கல் அதன் பிறகு. பையைவிட்டு வெளியே வந்த குட்டிகளைத் தாய் முதுகில் சுமந்து திரிவாள். சில வேளைகளில் மறைவிடத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போவாள். அப்படிப் போன நேரத்தில் நாம் வாசலை அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே பட்டினியால் இறந்துபோகும். நாற்றம் தாங்காமல் டெக்கின் பலகையைக் கழற்றவேண்டியவரும் நாமே. நம் பகுதியில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை குட்டிகள் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இம்மாதங்களில் உள்ளே முழுவதையும் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்து, குட்டிகள் இல்லை என்று உறுதிசெய்யாமல் எதையும் அடைக்கக்கூடாது. குட்டிகள் இருந்தால், அவை தாயோடு வெளியே திரியத் தொடங்கும்வரை சில வாரங்கள் பொறுப்பதைவிட மலிவான வழி எதுவும் இல்லை.

பொறுக்க முடியாத நிலை இருந்தால், தாயே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போகும்படி அந்த இடத்தைச் சற்று வசதிக்குறைவாக்கலாம். வாசலருகே பிரகாசமான விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். பேச்சு நிகழ்ச்சிகள் ஒலிபரப்பும் வானொலியைப் பகல் முழுவதும் அங்கே வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் பயன் தெரியலாம். பூச்சி உருண்டைகளை உள்ளே எறியவேண்டாம். அவற்றின் நஞ்சு விலங்கைவிட வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் மண்ணுக்கும் கூடுதலான கேடு, ஒப்போசமோ அவற்றைப் பொருட்படுத்துவதும் இல்லை. மிளகாய்த்தூள் தூவுவதும் நம்மவரிடையே பரவலான யோசனை. முதல் மழையோடு அது கரைந்துபோகும். அதற்கு முன் அயல்வீட்டுப் பூனையின் கண்ணில் விழுந்து எரிக்கும்.

இனி, விலங்கு உள்ளே இருக்கிறதா என்று அறியும் சோதனை. வாசலில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக அடைத்துவையுங்கள். உள்ளே இருக்கும் விலங்கு இரவில் அதைத் தள்ளிக்கொண்டு வரும்; மூன்று இரவுகள் கழிந்தும் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை என்று கொள்ளலாம். இச்சோதனையை இரவிலும் உறைநிலைக்கு மேலாக இருக்கும் நாட்களில் மட்டும் நம்புங்கள். பனிக்காலத்தில் தாள் அசையவில்லை என்பதற்கு, உள்ளே ஒன்று சுருண்டு கிடக்கிறது என்பதும் பொருளாகலாம்.

விலங்கு தொடர்ந்து வந்து போகிறது என்றால் ஒருவழிக் கதவு வைக்கவேண்டும். அரை அங்குலக் கண்ணுள்ள கல்வனைசு கம்பிவலையை வாசலைவிட எல்லாப் பக்கமும் சில அங்குலம் பெரிதாக வெட்டி, மேல் விளிம்பை மட்டும் பொருத்தி, கீழ்ப்புறம் வெளிநோக்கித் தள்ளித் திறக்கும்படி தொங்கவிடுங்கள். வெளியே போகும் விலங்கு மூக்கால் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது கதவு சட்டத்தில் படிந்து நிற்கும். வேறு இடைவெளிகளை முன்கூட்டியே அடைக்காமல் இதை வைப்பதில் பயனில்லை. கைமுட்டி நுழையும் அளவு இடைவெளியே ஒப்போசத்துக்குப் போதும் என்று எண்ணிக்கொண்டு டெக்கை முழுவதும் சுற்றிவந்து பாருங்கள். கதவை நான்கைந்து இரவுகள் விட்டுவைத்து, மாவைத் தூவி வெளித்தடம் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் தாள் சோதனை செய்தபின் நிரந்தரமாக அடைக்கலாம்.

நிரந்தர அடைப்புக்கும் அதே கம்பிவலைதான். அதன் மேல்விளிம்பை டெக்கின் சட்டத்தில் வாசர் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வெறும் ஸ்ரேப்பிள் ஊசிகள் ஒரு பனிக்காலத்தைக் கூடத் தாங்குவதில்லை. கீழ்விளிம்பை ஓரடி ஆழத்துக்கு மண்ணுள் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னோர் அடி மடித்து மண்ணால் மூடவேண்டும். ஒப்போசத்துக்கு இவ்வளவு தேவையில்லைதான், ஆனால் அடுத்து வருவது ஸ்கங்க்காக இருக்கலாம். மண் தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடங்களைக் குறித்துக்கொள்வது சட்டப்படி கட்டாயம். வீட்டுக்காரரிடம் இதற்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. தோண்ட இயலாத இடத்தில் வலையை நிலத்தின்மேல் வெளிநோக்கி விரித்து, கொளுக்கிகளால் பதித்து, மேலே பாவுகற்களை அடுக்கலாம்.

அறிகுறி: அடைத்த பின்பும் உள்ளே சத்தம் வருகிறது

அன்றைக்கே ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவேண்டாம். மெல்லிய தும்மல் போன்ற ஒலியோ ‘கிளிக்’ என்ற ஒலியோ கேட்டால் அவை குட்டிகளாக இருக்கக்கூடும். தாயும் குட்டியும் இவ்வாறான ஒலிகளாலேயே ஒன்றையொன்று அழைக்கும். தாய் வெளியே நின்று வலையைப் பிறாண்டிய தடயம் இருந்தால் ஐயமே இல்லை. திறந்துவிட்டு மனிதரும் நாயும் அப்பக்கம் போகாமல் இரண்டு மூன்று இரவுகள் விட்டால், பெரும்பாலும் தாய் திரும்பி வந்துவிடுவாள். வரவில்லையென்றால் ரொறன்ரோ வனவிலங்கு மையம் போன்ற, உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரை அழையுங்கள்.

அறிகுறி: கராஜுக்குள் ஒன்று புகுந்துவிட்டது

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பொருட்களுக்குப் பின்னால் துரத்தத் தொடங்கினால் அது இன்னும் உள்ளே ஒடுங்கும். உள்ளே இருக்கும் உணவையும் பூனைத் தீனியையும் அகற்றிவிட்டு, பொழுது படுமுன் கராஜ் கதவைத் திறந்து, விளக்குகளை அணைத்துவிடுங்கள். கதவு விழும் கோட்டின் நெடுக எட்டு அங்குல அகலத்துக்கு மாவைத் தூவி, வெளியே சற்றுத் தள்ளிச் சிறிது மீனையோ பூனைத் தீனியையோ வையுங்கள். இருட்டி ஓரிரு மணி நேரம் கழித்து மாவில் வெளிநோக்கிய தடம் தெரிந்தால் கதவை மூடுங்கள். இரவு முழுவதும் கதவைத் திறந்தே விட்டால், போனதற்குப் பதில் ரக்கூன் குடும்பம் வந்திருக்கும்.

அறிகுறி: வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது

பூனைக் கதவு வழியாகவோ திறந்துகிடந்த பேஸ்மென்ட் வழியாகவோ வந்திருக்கும். நாயையும் பிள்ளைகளையும் அப்பால் அனுப்பி, மற்ற அறைகளின் கதவுகளை மூடி, வெளிக்கதவைத் திறந்து ஒதுங்கி நில்லுங்கள். பகல் என்றால் அது நகராது, இருட்டும்வரை காத்திருங்கள். மிக அவசரமென்றால் அகன்ற அட்டைப்பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக மெதுவாக வாசல்பக்கம் நகர்த்தலாம். வாயைப் பிளந்து ஐம்பது பற்களையும் காட்டிச் சீறும். வட அமெரிக்கத் தரைவாழ் பாலூட்டிகளுள் இத்தனை பற்கள் உள்ளது இதுவே என்பதால் காட்சி பயமுறுத்தும். ஆனால் அது பெரும்பாலும் வெறும் மிரட்டல். மூலைக்குள் அடைத்துக் கையால் தூக்க முயன்றால்தான் கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்குவது தவறு, முதுகெலும்பு முறியக்கூடும்.

அறிகுறி: குப்பைத் தொட்டிக்குள்ளோ ஜன்னல் குழிக்குள்ளோ விழுந்துவிட்டது

வழவழப்பான சுவரில் அதனால் ஏற முடியாது. தொட்டியென்றால் மெதுவாகச் சரித்துப் படுக்கவைத்துவிட்டு விலகுங்கள். பேஸ்மென்ட் ஜன்னல் குழியென்றால் சொரசொரப்பான பலகை ஒன்றை, அல்லது பழைய துவாய் சுற்றிய பலகையைச் சரிவாக இறக்கிவைத்தால் இரவில் ஏறிவிடும். பிறகு குழிக்கு மூடி போடுங்கள்.

அறிகுறி: புல்தரையில் செத்துக் கிடக்கிறது

உண்மையில் செத்திருக்க வேண்டியதில்லை. நாய் துரத்தியிருந்தால் ஒப்போசம் பக்கவாட்டில் சாய்ந்து, வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ள, எச்சில் வழிய விறைத்துக் கிடக்கும். பின்புறத்திலிருந்து பச்சை நிறத்தில் நாற்றமெடுத்த திரவமும் கசியும். இது நடிப்பு அன்று; அச்சம் மிகுந்தபோது உடல் தானாக அடையும் நிலை, விலங்கின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. சில நிமிடங்களிலும் தெளியலாம், சில மணி நேரமும் ஆகலாம். தண்ணீர் ஊற்றி எழுப்பவோ பையில் போட்டுக் குப்பையோடு வைக்கவோ வேண்டாம். நாயை உள்ளே கூட்டிச்சென்று, தொலைவிலிருந்து கவனியுங்கள்; தெளியும்போது முதலில் காதுகள் அசையும்.

உண்மையாகவே இறந்திருந்தால், குறிப்பாகத் தெருவில் வாகனம் மோதியிருந்தால், அது பெண்ணா என்று பாருங்கள். வயிற்றுப் பைக்குள் குட்டிகள் உயிரோடு இருக்கலாம். அவை முலைக்காம்பைக் கவ்வியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். கையுறை அணிந்து, தாயின் உடலோடு சேர்த்து ஒரு பெட்டியில் துணி விரித்து வைத்துப் பராமரிப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை. பைக்குள் எதுவும் இல்லையென்றால், ரொறன்ரோ எல்லைக்குள் 311 இலக்கத்தை அழைத்தால் உடலை எடுத்துச் செல்வார்கள்.

அறிகுறி: சிறு குட்டி ஒன்று தனியே திரிகிறது

அளவைக் கொண்டு முடிவெடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை, வாலைச் சேர்க்காமல், ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்து சுறுசுறுப்பாகவும் இருந்தால் அது தானாகப் பிழைக்கும் வயதை அடைந்துவிட்டது; விட்டுவிடலாம். அதைவிடச் சிறியதென்றால் தாயின் முதுகிலிருந்து விழுந்திருக்கும். தாய் திரும்பிவந்து தேடுவது அரிது. பெட்டியில் வைத்து, இளஞ்சூடாக, இருட்டில் வைத்திருந்து உடனே பராமரிப்பாளரை அழையுங்கள். பசுப்பால் கொடுக்கக்கூடாது, தண்ணீரைக்கூட வாயில் ஊற்றவேண்டாம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வீட்டில் வளர்ப்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம்.

அறிகுறி: கூண்டு வைத்துப் பிடித்தாயிற்று, எங்கே விடுவது?

தொலைவிலுள்ள காட்டுக்கோ பூங்காவுக்கோ கொண்டுபோய் விடுவது இரக்கமான செயல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒன்ராறியோவில் அப்படிச் செய்யமுடியாது. 1997ஆம் ஆண்டின் மீன் மற்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக உயிரோடு பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும். அதற்குக் காரணமும் உண்டு. அறியாத இடத்தில் இறக்கிவிட்ட விலங்குக்கு நீர் எங்கே, மறைவிடம் எங்கே என்று தெரியாது. நோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவவும் வழியாகும். ஒரு கிலோமீற்றருக்குள் விட்டால் அடைக்காத டெக்குக்கே திரும்பிவரும் என்பதால், கூண்டால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. நான் கூண்டை எவருக்கும் பரிந்துரைப்பதில்லை: பல வேளைகளில் அகப்படுவது அயல்வீட்டுப் பூனை, தாய் அகப்பட்டால் குட்டிகள் உள்ளே தனித்துப்போகும், பனியிரவில் கம்பிக்கூண்டுக்குள் கிடக்கும் விலங்கு விறைத்துப்போகும்.

அறிகுறி: நாயையோ மனிதரையோ கடித்துவிட்டது

ஒப்போசத்தின் உடல் வெப்பம் பெரும்பாலான பாலூட்டிகளைவிடக் குறைவு. விசர் நோய் இதனிடம் மிக அரிதாகவே காணப்படுவதற்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது. அரிது என்பதால் அலட்சியம் செய்யக்கூடாது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நாயென்றால் தடுப்பூசிப் பதிவோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: போனது மீண்டும் மீண்டும் வருகிறது

மறைவிடம் அடைபட்ட பின்னும் வருகிறதென்றால் அது உணவுக்காக வருகிறது. ரொறன்ரோ நகரம் 2016இலிருந்து உணவுக்கழிவுக்கான, பூட்டுள்ள பச்சைத் தொட்டிகளை வழங்கிவருகிறது. ஆனால் பூட்டைத் திருப்பிவிட்டால்தான் அது பூட்டு. மீன் செதிலும் இறால் கோதும் உள்ள பையைக் குப்பை எடுக்கும் நாளுக்கு முந்திய இரவுவரை குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் மணம் பரவாது. விரத நாட்களில் காகத்துக்கென்று டெக்கின் கைப்பிடியில் வைக்கும் சோற்றுக்கும் இதில் பங்குண்டு. காகம் உண்டதுபோக எஞ்சியதை மாலைக்குள் எடுத்துவிடாவிட்டால் இரவில் உண்பது ஒப்போசமே. பறவைத் தீனித் தட்டின் கீழே சிந்தியவை, மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பேரிக்காய், வெளியே வைத்த பூனைச் சாப்பாடு ஆகியவற்றையும் பொழுதுபடுமுன் அகற்றுங்கள். வெறுமனே வளவைக் கடந்து போகிறது, எங்கும் தங்கவில்லை என்றால் எதுவும் செய்யவேண்டியதில்லை. நத்தையையும் பூச்சிகளையும் சுண்டெலியையும் தின்றுவிட்டுப் போகும்.

இவை எல்லாவற்றையும் செய்ய நேரமோ உடல்வலுவோ இல்லாமல் ஒரு நிறுவனத்தை அழைப்பதானால், விலை கேட்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உள்ளே குட்டிகள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பிடித்தால் எங்கே விடுவீர்கள்? முதற்கேள்விக்கு, கையால் தேடியெடுத்துத் தாய் மீட்டெடுக்கும்படி சூடான பெட்டியில் வாசலருகே வைப்போம் என்றோ, வளரும்வரை பொறுப்போம் என்றோ பதில் வரவேண்டும். இரண்டாவதற்கு, தூரத்துக் காட்டில் விடுவோம் என்று பெருமையோடு சொன்னால் தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த நிறுவனத்தை அழையுங்கள்.